டார்ச்சக்காவின் ஈஸ்டர்

என் அக்காவுக்கு வேலை செய்யும் இடத்தில் டார்ச்சக்கா என்று பெயர். காதுபடவே கூப்பிடுவார்கள், அவளும் "என்ன?" என்று திரும்புவாள். கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில், முட்டைக்கு வெளிச்சம் பிடித்துப் பார்ப்பது அவள் வேலை. ஜன்னலே இல்லாத ஒரு அறை. விளக்கை அணைத்துவிட்டு, தட்டில் அடுக்கிய ஒவ்வொரு முட்டையின் மேலும் ஒரு சின்ன டார்ச்சை அழுத்திப் பிடிப்பாள். சிவப்பாக நரம்பு கிளை விட்டிருந்தால் உயிர் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் கருவே இல்லை. நடுவில் ஒரு சிவப்பு வளையம் மட்டும் நின்றால், பிடித்த உயிர் போய்விட்டது. இந்த இரண்டு வகையையும் எடுத்து வாளியில் போட்டுவிட வேண்டும்.

ஒரு தடவை என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். எனக்கு எல்லா முட்டையும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. நான் மருந்துக் கடையில் கவுன்ட்டரில் நிற்கிறவள். டாக்டர் கிறுக்கின கையெழுத்தைப் படிக்கச் சொன்னால் படிப்பேன், முட்டையைப் படிக்கச் சொன்னால் முடியாது.

அக்காவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. சந்தேகமான முட்டையை வாளியில் போடவே மாட்டாள். ஓரமாக வைத்துவிட்டு, தட்டு முழுக்க முடிந்தபிறகு மறுபடி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "முட்டையைப் பாக்கச் சொன்னா முட்டையோட பேசிட்டு இருக்கியேம்மா" என்று சூப்பர்வைசர் கத்துவார். கத்தட்டும் என்று விட்டுவிடுவாள். அப்படி ஒதுக்கி வைத்ததில் எப்போதாவது ஒன்று உள்ளே லேசாகத் துள்ளும். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பிரைஸ் அடித்தவள் மாதிரி அதைச் சொல்வாள். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், அதே ஹேச்சரியில் குஞ்சு வண்டி ஓட்டுகிறவர். "அந்த ஒரு குஞ்சையும் நான்தானே ஏத்திட்டுப் போகணும்" என்று சிரிப்பார்.

அவளுக்கு ஒரு பெண், ஒரு பையன். பெண்ணுக்கு ஏழு வயது. வாயைத் திறந்தால் குறுக்கு விசாரணைதான், அதனால் நான் வைத்த பெயர் வக்கீலம்மா. பையனுக்கு நாலு. அவன் வாலு, வேறு பெயர் தேவையில்லை. மூன்றாவது வயிற்றில், ஏழாம் மாதம்.

இதெல்லாம் ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமைவரைக்கும்தான்.

அன்று காலையில் அவள் போன் செய்து, "நேத்துலேர்ந்து உள்ள சத்தமே இல்லடி" என்றாள். சத்தம் என்றாள், அசைவு என்று சொல்லவில்லை. மாமா வண்டியோடு வெளியூரில் இருந்தார். கடையில் சொல்லிவிட்டு நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேன் எடுத்த பெண் டாக்டர் பேசிக்கொண்டே வந்தவர், நடுவில் பேச்சை நிறுத்தினார். பிறகு ஸ்கிரீனை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளிச்சத்தில் உயிர் பார்த்தே பிழைக்கிறவளுக்கு அதற்குமேல் யாராவது விளக்க வேண்டுமா?

"இன்னொரு தடவை பாருங்க டாக்டர்" என்றாள் அக்கா.

அவர் பார்த்தார். பெரிய டாக்டரைக் கூப்பிட்டார், அவரும் வந்து பார்த்தார். இதயத்துடிப்பு இல்லை என்று மெல்லச் சொன்னார். இன்றைக்கே சேர்ந்துவிடச் சொன்னார், மருந்து கொடுத்து வலி வரவைத்து எடுத்துவிடலாம் என்றார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவள் அழவில்லை. வயிற்றில் தடவியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே, "திங்கட்கிழமை வர்றேன்" என்றாள்.

"இதைத் தள்ளிப்போடறது நல்லதில்லம்மா."

"ஈஸ்டர் வருது டாக்டர். வீட்ல ரெண்டும் சின்னப் பசங்க. அது முடியட்டும்."

பிள்ளைகளுக்காகச் சொல்கிறாள் என்றுதான் டாக்டரும் நினைத்தார், நானும் நினைத்தேன். காய்ச்சல் வந்தாலும், ரத்தம் பட்டாலும், நீர்க்குடம் உடைந்தாலும் அந்த நிமிஷமே வர வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். வரும்போது பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்து, "எத்தனை மாசம்?" என்று கேட்டார். அக்கா சிரித்த முகமாக, "ஏழு" என்றாள். எனக்கு அந்தப் பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம்போல இருந்தது.

அன்றிலிருந்து நான் அங்கேயே தங்கிவிட்டேன். தெர்மாமீட்டர் ஒன்றைக் கடையிலிருந்து எடுத்து வந்து, சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் அவள் பின்னாலேயே அலைந்தேன். மாமா வெள்ளிக்கிழமை விடியும்போது வந்து சேர்ந்தார். போனில் விஷயம் தெரிந்ததுமே வண்டியைத் திருப்பியிருக்கிறார். வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில், இயேசு இறந்த நாளான பெரிய வெள்ளி என்றால் ஒரு வழக்கம். அக்கா உண்டாக்கினது, வேறு யார் வீட்டிலும் நான் பார்த்ததில்லை. ஹேச்சரியில் உடைந்துபோன பிளாஸ்டிக் முட்டைத் தட்டு ஒன்றில் மண்ணை நிரப்புவார்கள். அதில் ஒரு டீக்கப்பைப் படுக்கவைத்து மேலே மண்ணை அப்பினால் கல்லறை. தெருவோரத்துப் புல்லைப் பிடுங்கிச் சுற்றி நட்டால் தோட்டம். வாசலை மூட ஒரு உருண்டைக் கல். துணி காயப்போடும் மரக்கிளிப்புக்குப் பேனாவால் முகம் வரைந்து, என் கடை பேண்டேஜைச் சுற்றினால் அதுதான் இயேசு. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு, வரைந்தது வாலு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் அதைக் கப்புக்குள் படுக்கவைத்துக் கல்லால் மூடுவார்கள். இயேசு உயிர்த்தெழுந்த நாளான ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் எழுந்திருப்பதற்குள் அக்கா பொம்மையை எடுத்து ஒளித்துவிடுவாள். பேண்டேஜ் மட்டும் மடித்தபடி உள்ளே கிடக்கும். பிள்ளைகள் கல்லைத் தள்ளிப் பார்த்து, காணோம் காணோம் என்று வீட்டையே இரண்டாக்குவார்கள்.

சர்ச்சில் குழந்தைகளுக்கு பைபிள் கதை சொல்லும் சண்டே ஸ்கூல் எடுப்பதும் அக்காதான். குழந்தைகள் எப்படிக் குடைந்தாலும் அசராமல் பதில் சொல்வாள். நான் சர்ச் பக்கம் போவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. ஆனாலும் அவள் பதில் சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்கப் பிடிக்கும். இந்தத் தடவைதான் கேட்க முடியவில்லை.

"உள்ள இருட்டா இருக்குமே, இயேசப்பா பயப்பட மாட்டாரா?" வாலு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"மாட்டார்டா."

"ஒன்னுக்கு வந்தா?"

"செத்தவங்களுக்கு அதெல்லாம் வராதுடா லூசு" என்றாள் வக்கீலம்மா. பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "செத்துப்போனா வலிக்குமாம்மா?"

"வலிக்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா புல்லை நட்டாள். நட்ட புல்லையே பிடுங்கி மறுபடி நட்டாள்.

வக்கீலம்மா விடுகிற ஆள் இல்லை. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ள போறார். ஞாயித்துக்கிழமை காலைல வெளிய வந்துடறார். மூணாம் நாள் எழுந்தார்ங்கிற, அது எப்படி மூணு நாள்?"

போன வருஷம் இதே கேள்விக்கு, அந்தக் காலத்தில் அரை நாளையும் ஒரு நாளாக எண்ணுவார்கள் என்று டக்கென்று சொன்னவள். இந்த வருஷம் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முழுசா மூணு நாள் ஆகணும்னு இல்லதானே? கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் சரிதானே?" என்று அவளிடமே திருப்பிக் கேட்டாள்.

குழந்தையிடம் அப்படிக் கேட்கிற கேள்வியா அது? எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவள் பிள்ளைகளுக்காகத் தள்ளிப்போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

சனிக்கிழமை முட்டைக்கு வர்ணம் அடிக்கிற நாள். அடைவைக்கத் தேறாத முட்டைகளை, கோணல், நீளம், சுருங்கின ஓடு என்று எல்லா ரகத்தையும், ஹேச்சரியில் வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கோணல் முட்டை என்றால் உயிர். அவித்து ஆறவைத்ததை ஹாலில் பேப்பர் விரித்து, பிரஷ்ஷும் கலருமாக உட்கார்ந்துவிட்டார்கள். வாலு ஒரு நீளமான முட்டைக்கு மீசை வரைந்து, "இது அப்பா" என்றான். அடுத்து ரொம்பச் சின்னதாக ஒன்றைப் பொறுக்கினான். அதற்கு மஞ்சள் அடித்து, அம்மாவின் வயிற்றுக்கு நேராக நீட்டிக் காட்டி, "பாப்பா, இது உனக்கு. நீ வெளிய வர்ற வரைக்கும் நான் திங்க மாட்டேன்" என்று சொன்னான். அக்கா "சரின்னு சொல்லுது" என்றாள். மாமா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அக்காவும் பின்னால் போனாள். கதவைச் சாத்தினாலும் அந்த வீட்டில் என்ன மறைக்க முடியும்? சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

"இன்னைக்கே போலாம்" என்றார் மாமா. "வண்டி வாசல்ல நிக்குது. வா."

"திங்கட்கிழமை."

"பாப்பா போயிடுச்சு. எனக்கு மட்டும் வலிக்கலையா? நீயும் போயிட்டா இந்த ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? சொல்லு."

"நாளைக்குக் காலைல வரைக்கும்தாங்க. அதுக்கப்புறம் எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

"நாளைக்குக் காலைல என்ன ஆகும்னு நினைக்கிற?"

நான் வாலுவின் காதில் விழக்கூடாதென்று சத்தமாகப் பாட்டுப் பாடினேன், அவனும் சேர்ந்து கத்தினான். வக்கீலம்மாவை நான் கவனிக்கவே இல்லை. உருண்டுபோன முட்டையைத் தேடி, தடுப்பை ஒட்டிக் கிடந்த மேசைக்கு அடியில் புகுந்திருக்கிறாள். முட்டையை எடுத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அக்கா குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் கேட்கவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கதவைத் தட்டினேன், தாழ் போடவில்லை, திறந்துகொண்டது. உள்ளே விளக்கு எரியவில்லை. ஈரத் தரையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நைட்டியைத் தூக்கிவிட்டு, வேலைக்குக் கொண்டுபோகும் அந்த டார்ச்சை வயிற்றின் மேல் அழுத்திப் பிடித்திருந்தாள். தோல் ஒரு வட்டத்துக்குச் சிவப்பாகத் தெரிந்தது. டார்ச்சைக் கொஞ்சம் நகர்த்துவாள், குனிந்து பார்ப்பாள், மறுபடி நகர்த்துவாள்.

"அக்கா, என்ன பண்ற?"

"அவங்க அவசரமா பார்த்தாங்கடி. நிறையப் பேர் வெளிய உக்காந்திருந்தாங்கல்ல."

"ரெண்டு பேர் பார்த்தாங்க. ரெண்டு தடவை பார்த்தாங்க."

"நான் பார்க்கலையே" என்றாள். டார்ச்சை இன்னொரு பக்கம் நகர்த்திப் பார்த்தாள். "ஒன்னும் தெரியலடி. என் தோல்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு அழுதாள். வியாழக்கிழமையிலிருந்து முதல் தடவையாக அழுதாள். தரையில் உட்கார்ந்து அவள் காலைக் கட்டிக்கொண்டேன். என் துணியெல்லாம் நனைந்துவிட்டது.

அப்போது சொன்னாள். "பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் என்னடி சொல்லிக் கொடுக்கிறேன்? செத்தவரை ஆண்டவர் எழுப்பினார்னுதானே? தன் பிள்ளைய எழுப்பத் தெரிஞ்சவருக்கு என் பிள்ளைய எழுப்பத் தெரியாதா? ஒரு உதை போதும். உள்ள ஒரே ஒரு உதை."

எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைவிட, அவள் யாரை நம்பிக்கொண்டிருந்தாளோ அவர்மேல் வந்த கோபம் பெரிது. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற சமயம் எனக்கு விழிப்பு வந்தது. ஹாலில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். அக்கா முட்டைத் தட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தது. சர்ச்சுக்குப் போடவேண்டிய வெள்ளை உடைகள் தேய்த்து நாற்காலியில் மாட்டியிருந்தன. சாதாரணமாக இந்நேரத்துக்குப் பொம்மையை எடுத்து ஒளித்திருப்பாள். கல் அப்படியே இருந்தது.

"அக்கா, எடுத்துட்டியா?" என்று கிசுகிசுத்தேன்.

"இல்ல."

"பிள்ளைங்க எழுந்துடுவாங்க."

"எழுந்திரிக்கட்டும். வருஷா வருஷம் அவர் வேலைய நான் செஞ்சிருக்கேன். இன்னைக்கு என் வேலைய அவர் செய்யட்டும். உள்ள அசைஞ்சதும் நான் பொம்மைய எடுக்கிறேன்."

என் அக்கா ஆண்டவரிடம் பேரம் பேசி நான் பார்த்ததே இல்லை. சம்பளம் போதாத மாதத்தில்கூட நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறவள். நான் எழுந்துபோய்ப் பொம்மையை எடுக்கப் பார்த்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். வலிக்கிற மாதிரியே தட்டினாள்.

ஜன்னல் வெளுத்தது. பால்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார். மாடியில் யாரோ குழாயைத் திறந்தார்கள். தெருக்கோடி சர்ச்சிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஈஸ்டர் பாட்டு, சந்தோஷமான பாட்டு. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் அவள் வயிற்றையே பார்த்தேன். நம்பிக்கை இல்லாத நானும்தான், வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டேன். வெயில் தரைக்கு வந்துவிட்டது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அவள் கைகள் வயிற்றிலிருந்து தானாகக் கீழே இறங்கின. அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வக்கீலம்மா எழுந்து வந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டே தட்டுக்கு முன்னால் குந்தி, கல்லை விரலால் கொஞ்சம் தள்ளி உள்ளே பார்த்தாள். இவள் இப்போது கத்துவாள், தம்பி எழுந்துவிடுவான், இயேசப்பா எழுந்திரிக்கவில்லை என்று அழுவான். என்ன பதில் சொல்வது?

அவள் கத்தவில்லை. திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அம்மாவின் காதுகிட்டே போய், "எடுக்க மறந்துட்டியாம்மா?" என்றாள்.

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"போன வருஷமே எனக்குத் தெரியும். பொம்மை உன் நைட்டி பாக்கெட்ல இருந்துச்சு. தம்பிக்குத் தெரிய வேணாம்னு சொல்லல." சொல்லிக்கொண்டே கப்புக்குள் விரலை விட்டுப் பொம்மையை வெளியே எடுத்தாள். பேண்டேஜைப் பொறுமையாகப் பிரித்து, அம்மா மடிக்கிற மாதிரியே மடித்து உள்ளே வைத்தாள். கல்லை ஓரமாகத் தள்ளினாள். கிளிப்பை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கி மூடினாள்.

மூடின கையை விடாமல் கேட்டாள். "பாப்பாவும் தானா வராதா? டாக்டர்தான் எடுக்கணுமா?"

நான் திடுக்கிட்டேன். "நேத்து மேசைக்கு அடியில இருந்தேன் சித்தி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அக்கா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் இடமில்லை, வயிறு இடித்தது. "வராதுடி கண்ணு. பாப்பா செத்துப்போச்சு" என்றாள். வியாழக்கிழமையிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டார்கள். அவள் வாயால் சொன்னது அப்போதுதான்.

பெண் அழுதாள், ஆனால் வக்கீல் வேலையை விடவில்லை. "இயேசப்பா நிஜமா எழுந்தாரா? இல்ல அவரையும் இப்படி யாராச்சும் எடுத்துட்டாங்களா?"

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சண்டே ஸ்கூல் டீச்சர் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

"நிஜம்னு நம்பித்தான் உனக்குச் சொன்னேன்" என்றாள். "இன்னைக்கும் நம்பணும்னுதான் பாக்கிறேன். ஆனா அவரை எழுப்பினவர் நம்ம பாப்பாவை ஏன் எழுப்பலைன்னு எனக்குத் தெரியலடி. நானும் அதைத்தான் கேட்டுட்டே இருக்கேன். பதில் வரல."

"வந்தா என்கிட்ட சொல்றியா?"

"சொல்றேன்."

பேச்சுச் சத்தத்தில் வாலு எழுந்துவிட்டான். எழுந்ததும் பாயிலிருந்து நேராகத் தட்டுக்குப் பாய்ந்து, குப்புற விழுந்து கப்புக்குள் பார்த்தான். "காணோம்! அம்மா, காணோம்! இயேசப்பா எழுந்துட்டார்!" என்று குதித்தான். உள் அறையிலிருந்து மாமா ஓடிவந்தார். பையன் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "அம்மா, சொல்லு! எழுந்துட்டார்தானே?"

அக்கா மூடின கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவள் முகம் முழுக்கக் கண்ணீர். "ஆமாண்டா, எழுந்துட்டார்" என்றாள். அவன், ஏன் அழுகிறாய் என்று கேட்டான். சந்தோஷத்தில் என்று வக்கீலம்மா முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

அக்கா மாமாவிடம், "வண்டி எடுங்க" என்றாள்.

அவர்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்பைப் போட்டுவிட்டு, எத்தனையோ வருஷம் கழித்துச் சர்ச்சுக்குள் காலை வைத்தேன். வாலு தன் முட்டைக் கூடையை விடமாட்டேன் என்று அடம் பிடித்ததால்தான் போனேன். எல்லோருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தான். மஞ்சள் முட்டையை மட்டும் யார் கேட்டும் கொடுக்கவில்லை. "அக்கா எங்க, டீச்சர் எங்க" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் உடம்பு சரியில்லை என்றேன். பாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, ஈஸ்டர் வாழ்த்துச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை மாமா பிறகு சொன்னார். ஊசி போட வந்த நர்ஸ் கையை விரிக்கச் சொல்லியும் அவள் விரிக்கவில்லையாம். இன்னொரு கையில் போட்டுக்கொண்டாளாம். வலி முழுக்க அந்தக் கையை மூடியே வைத்திருந்தாளாம். பெண் குழந்தை. துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தார்கள். அழைத்து அழைத்துப் பார்த்தாள், முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் திருப்பிக் கொடுக்கிறபோதுதான் கையை விரித்தாளாம். கிளிப்பின் இரும்புக் கம்பி உள்ளங்கையில் பள்ளமாகப் பதிந்திருந்ததாம். பொம்மையைத் துணிக்குள்ளே, குழந்தையின் நெஞ்சுப் பக்கமாகச் செருகினாள். "இதோட சேர்த்தே புதைங்க" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாமா அப்படியே செய்தார்.

வீட்டுக்கு வந்தபோது வயிறு வற்றிப்போய், வேறு யாரோ மாதிரி நடந்து வந்தாள். பாப்பா மண்ணுக்குள் இருக்கிறது என்று வாலுவிடம் அக்காவே சொன்னாள். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவன் மஞ்சள் முட்டையை அம்மாவிடம் கொண்டுவந்தான், நாற்றம் அடிக்க ஆரம்பித்திருந்தது. அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவன் முட்டைத் தட்டைக் கவிழ்த்து மண்ணைக் கிளற ஆரம்பித்தான்.

"இயேசப்பா பொம்மை எங்கம்மா?"

"பாப்பாகிட்ட குடுத்துட்டேன்."

"மண்ணுக்குள்ளயா?"

"ஆமா."

அவனுக்கு அது கொஞ்சம்கூடச் சரியாகப் படவில்லை. "அவர்தான் எழுந்து வெளிய வந்துட்டாரே. மறுபடி எதுக்கு உள்ள போனார்?"

"பாப்பா தனியா இருக்குல்லடா. அது வெளிய வர்ற வரைக்கும் அவரும் உள்ளயே இருக்கட்டும்."

வக்கீலம்மா வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சிலை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அதுக்கு அவர் சரின்னு சொன்னாராம்மா?"

"அவர்கிட்ட நான் கேக்கல" என்றாள் அக்கா. "உள்ள வச்சுட்டு வந்துட்டேன்."